பச்சை ஊர்வலத்தில் பாலம் தேடியவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கனடாவின் டொரொன்டோ நகரத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் மதுரை. அப்போது நான் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் பல்கலைக்கழகம் இருந்த ஊரிலிருந்து டொரொன்டோவுக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். நடுவில் ஒரு நாட்டின் எல்லை வரும், அவ்வளவுதான்.

நான் போனது உறவினரைப் பார்க்க இல்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் இல்லை. அயர்லாந்துக்காரர்களின் பெரிய பண்டிகையான புனித பேட்ரிக் தினத்தைக் கொண்டாடப் போனேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் நிதானமாகக் கேட்டார், "பண்டிகை அயர்லாந்துக்காரங்களோடது. நீ இருக்கிறது அமெரிக்காவுல. கொண்டாடப் போறது கனடாவுக்கா?" நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே, "சரி, ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துக்கோ" என்று முடித்துக்கொண்டார்.

காரணம் என் அறைத்தோழி. அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியது டொரொன்டோ துறைமுகத்தில்தானாம். பிறகுதான் குடும்பம் அமெரிக்காவுக்கு நகர்ந்தது. அவள் வயலின் வாசிப்பாள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் இசைக்குழு ஒன்று இருந்தது. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கூடி வாசிப்பார்கள். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் ஒருநாள் கூடப் போனேன். அங்கேதான் அந்த மேளத்தைப் பார்த்தேன். பௌரான் என்று பெயர். நம்ம ஊர் கஞ்சிராவை நாலு மடங்கு பெரிதாக்கி, சில்லுகளை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஆட்டுத்தோல். கையால் தட்டாமல், இரண்டு முனையும் உருண்டையாக இருக்கும் சின்னக் குச்சியால் அடிப்பார்கள்.

பள்ளிக்கூட நாட்களில் நான் சில வருடங்கள் மிருதங்கம் கற்றுக்கொண்டவள். கணக்குப் பாடம் வந்து அதை விழுங்கிவிட்டது. ஆனால் கைக்கு மறக்கவில்லை. அவர்கள் வேகமாக வாசிக்கும் நடனப் பாட்டுகள் பலவும் மூன்று மூன்றாக எண்ணும் நம்ம திஸ்ர நடைதான். தகிட தகிட என்று மனசுக்குள் ஓடியது. தொடையில் தட்டிக்கொண்டிருந்த என்னைக் குழுத்தலைவர் பார்த்துவிட்டார். புல்லாங்குழல் வாசிக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். எதுவும் கேட்காமல் மேளத்தைக் கையில் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் குழுவில் ஒருத்தி.

டொரொன்டோவில் நடக்கும் பேட்ரிக் தின ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்க எங்கள் குழுவுக்கு அழைப்பு வந்தது. விசா வாங்கினேன். எல்லையில் இருந்த அதிகாரி என் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், என் கழுத்தில் அறைத்தோழி சுற்றிவிட்டிருந்த பச்சை மப்ளரைப் பார்த்தார். எதற்குப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, ஒரு தேவாலயத்தின் கூடத்தில் எல்லோரும் படுக்கையை விரித்துத் தூங்கினோம்.

மறுநாள் நல்ல வெயில். ஆனால் அங்கே மார்ச் மாத வெயிலை நம்பக்கூடாது. பார்க்க நம்ம ஊர் தை மாத வெயில் மாதிரி பளிச்சென்று இருக்கும், காற்று மட்டும் கத்தி மாதிரி அறுக்கும். தெரு ஓரங்களில் அழுக்குப் பனி கரைந்தும் கரையாமலும் கிடந்தது. தெரு முழுக்கப் பச்சை. தொப்பி பச்சை, மூக்குக்கண்ணாடி பச்சை, ஒருவர் தாடிக்கே பச்சைச் சாயம் அடித்திருந்தார். நாய்க்குட்டிகள்கூடப் பச்சைச் சட்டை போட்டிருந்தன. ஊர்வலம் கிளம்பி யங் தெருவுக்குள் திரும்பியபோது இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வாரக்கணக்காகப் பயிற்சி செய்த பாட்டுகள் எல்லாம் கைக்குத் தானாக வந்தன. எனக்குச் சித்திரைத் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய அங்காடி வளாகம் ஒன்றைத் தாண்டியதும் ஊர்வலம் சற்றுத் தேங்கியது. அப்போதுதான் என் இடப்பக்கம் ஒருவர் நடந்து வருவதைக் கவனித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு. வெள்ளைச் சட்டை, அதன் மேல் கை இல்லாத மெல்லிய கம்பளி. கோட்டு இல்லை, தொப்பி இல்லை, பச்சை நிறத்தில் ஒரு துணுக்குக்கூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒருவர், ஆர்வத்தில் கூடவே நடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அவர் காலில் செருப்போ ஷூவோ இல்லை. சாம்பல் நிறச் சாக்ஸோடு, உருகிய பனித் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் வேடிக்கை பார்க்கவும் இல்லை. முகம் நேராக இருந்தது. ஏதோ ஒரு இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரவேண்டியவர் மாதிரி நடை. அவ்வப்போது திரும்பி, பின்னால் வரும் கூட்டத்தில் யாரையோ தேடினார். மறுபடி முன்னால் பார்த்து நடந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எவ்வளவோ நாள் பழகியவர் போலக் கேட்டார்.

"பிள்ளை, பாலம் தாண்டியாச்சோ?"

கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் தமிழ் கேட்டதே முதல் அதிர்ச்சி. பேச்சு எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை, இலங்கைத் தமிழ் என்று உடனே தெரிந்தது.

"ஐயா, நீங்க யாரோட வந்தீங்க? இங்க பாலம் எதுவும் இல்லையே. இது திருவிழா ஊர்வலம்" என்றேன்.

நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். பாலம் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கண் இரண்டும் அகன்றன. முன்னால் போகிறவர்களை எட்டிப் பார்த்தார். "பாலம் இல்லையெண்டால் இவ்வளவு சனமும் எங்கை போகினம்?" என்றார். என்னிடம் கேட்ட கேள்வி இல்லை அது. தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நடை இன்னும் வேகமானது.

நான் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. மெதுவாக ஓரத்துக்கு இழுத்தேன். அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, உதறினார். "றோட்டை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் பிறகு ஆரையும் பிடிக்கேலாது" என்றார். ஆனால் உதறியவரே என் கையைத் திரும்பவும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

அறைத்தோழி பின்னாலிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும், அந்தக் காலைப் பார்த்ததும் மற்றது எல்லாம் புரிந்துவிட்டது. குழுத்தலைவர் தன் கனமான கம்பளிக் கோட்டைக் கழற்றி, நடந்தபடியே ஐயாவின் தோளில் போர்த்தினார். குழு வாசிப்பை நிறுத்தவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்கள் வந்து முட்டிக்கொள்வார்கள். கோட்டு இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டே அவர் புல்லாங்குழலை மறுபடி வாயில் வைத்தார்.

நாங்கள் தடுமாறுவதைப் பார்த்து, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரப் பெண் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். ஆனால் சீருடையைக் கண்டதும் ஐயா என் பின்னால் பதுங்கினார். மேளத்தை என் தோளிலிருந்து இழுத்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பச்சை இலை வரைந்த தோலுக்குப் பின்னால் அவருடைய தலை நடுங்குவது தெரிந்தது. சின்னக் குரலில் சொன்னார், "ஒண்டும் கதையாதை பிள்ளை. குனிஞ்சு கொள்."

வாழ்நாளில் நான் பார்த்த பயங்களில் அப்படி ஒரு பயம் இல்லை. சுற்றிலும் ஜனம் சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ எங்களைப் படம்கூட எடுத்தார்கள். எங்களைப் பார்த்தால் வேடிக்கை நாடகம் போடுகிறவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

அறைத்தோழி சட்டென்று முன்னால் போய், போலீஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் ஐயாவை ஒரு கணம் பார்த்தார். அப்படியே பின்வாங்கி, ஜனக்கூட்டத்துக்குப் பின்னால், எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டார். அறைத்தோழியும் கூடவே போனாள். அங்கே நின்றபடியேதான் அவர் தன் கம்பியில்லாக் கருவியில் விசாரிக்கத் தொடங்கினார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இப்போது நானும் அவரும் மட்டும். ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. இழுத்துப் பார்த்தாயிற்று, எடுத்துச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

"பாலம் தாண்டியாச்சோ?"

எந்தப் பாலம் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருக்கிறது, எதற்காகத் தாண்டவேண்டும், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால்தான் இவர் நிற்பார் என்பது மட்டும் தெரிந்தது.

"தாண்டியாச்சு ஐயா" என்றேன்.

அவர் நின்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மெய்யே?"

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. எப்படி என் வாயில் வந்ததென்று தெரியவில்லை. "பாலம் தாண்டியாச்சு. இனி நடக்க வேண்டாம். உக்காரலாம்."

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. பெரிய மூட்டை ஒன்றைக் கீழே வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். அப்புறம் ஓரத்துக்கு நடத்திக்கொண்டு வர எனக்குச் சிரமமே இருக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி வந்தார்.

எதிரே ஓர் அலுவலகக் கட்டிடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, ஐயாவின் காலைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்தார். உள்ளே கதகதப்பாக இருந்தது. நாற்காலி கொண்டுவந்து போட்டார். எங்கோ போய்க் காகிதக் கோப்பையில் சூடாகத் தேநீர் கொண்டுவந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து ஐயாவின் நனைந்த சாக்ஸைக் கழற்றினேன். பாதம் வெளுத்து, விரல் நுனிகள் சிவந்திருந்தன. என் மப்ளரால் துடைத்துக் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அறைத்தோழி வந்து தன் பையிலிருந்து உலர்ந்த கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தாள். பண்டிகைக்கென்று வாங்கியது. முழுக்கப் பச்சை, மேலே அயர்லாந்தின் அடையாளமான மூவிலை போட்டது. அதை மாட்டியதும், அன்றைய ஊர்வலத்துக்கு ஐயாவும் தயாராகிவிட்டதுபோல் இருந்தது. தேநீரை நீட்டினேன். வாங்கவில்லை. "முதல்லை பிள்ளையளுக்குக் குடுங்கோ" என்றார். நாங்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் கோப்பையைக் கையில் வாங்கினார்.

நிம்மதியாகிவிட்டது என்று நினைத்தேன். தேநீர் பாதி குடித்திருப்பார். திடீரென்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பிள்ளை எங்கை?"

"எந்தப் பிள்ளை ஐயா?" என்றேன்.

"என்ரை பிள்ளை. ஏழு வயசு. மஞ்சள் சட்டை. கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவ. நான்தான்..." மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாலத்தைச் சொன்னமாதிரி இதைச் சொல்லிவிட முடியவில்லை. ஒரு குழந்தை விஷயம். அவர் கூட ஒரு பேத்தியும் வந்து, இந்தக் கூட்டத்தில் தொலைந்திருந்தால்? அறைத்தோழியிடம் பதறிப்போய்க் கேட்டேன். அவள் வெளியே ஓடிப்போய்ப் போலீஸ்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். காணாமல் போனவர் என்று பதிவானது ஐயா மட்டும்தான். அவருடைய மகள் அங்காடி வளாகத்தில் புகார் கொடுத்திருக்கிறார், இதோ வந்துகொண்டிருக்கிறார், குழந்தை எதுவும் கூட வரவில்லை என்றாள்.

"வந்துட்டிருக்காங்க ஐயா. உங்க பொண்ணு வந்துட்டிருக்காங்க" என்றேன். இந்த முறை பொய் சொல்லவேண்டி வரவில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி.

சற்று நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்துக்கு மேல் வயதிருக்கும். ஒரு கையில் ஆண்கள் கோட்டு, இன்னொரு கையில் ஒரு ஜோடி ஷூ. ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. ஆனால் உள்ளே பாய்ந்து வரவில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்று கண்ணைத் துடைத்தார், மூச்சை அடக்கினார், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெதுவாக நடந்து வந்தார்.

"வந்து கனநேரமோ?" என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் குந்தினார்.

ஐயா அவரைப் பார்த்தார். அப்பா மகளைப் பார்க்கும் பார்வை அதில் இல்லை.

"தங்கச்சி, என்ரை பிள்ளையைக் கண்டனீங்களோ? ஏழு வயசு. மஞ்சள் சட்டை."

"ஓம், கண்டனான்" என்றார் அவர், குரல் பிசகாமல். "அங்காலை பள்ளிக்கூடத்திலை இருக்கிறா. சாப்பிட்டவ. அழேல்லை. விடிய கூட்டிக்கொண்டு வருவினம்."

"பயந்தவவோ?"

"இல்லை. அப்பா வருவார் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவ."

ஐயா தலையை ஆட்டினார். தேநீரின் மிச்சத்தைக் குடித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்து விலகியது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், "அது யாருங்க, உங்க தங்கச்சியா?"

"இல்லை. அது நான்தான்" என்றார்.

அப்புறம்தான் அழுதார். சத்தமில்லாமல், அப்பாவின் காலில் ஷூவை மாட்டிக்கொண்டே அழுதார். பச்சைச் சாக்ஸைக் கழற்றவில்லை, அதற்கு மேலேயே மாட்டினார்.

நடந்ததை அங்கேயே சுருக்கமாகச் சொன்னார். அப்பாவுக்குப் புது ஷூ வாங்க வந்திருக்கிறார்கள். கடைக்குள் சூடு என்று அப்பாவின் கோட்டைக் கழற்றித் தன் கையில் வைத்திருந்தார். பழைய ஷூவைக் கழற்றி, புதிதைப் போட்டுப் பார்த்துக் கழற்றி, பணம் கட்டியதும் அதையே மாட்டிக்கொள்ளலாம் என்று சாக்ஸோடே பணம் கட்டும் இடத்துக்குப் போயிருக்கிறார்கள். "பேர்சிலை இருந்து கார்டை எடுக்கத்தான் கையை விட்டனான். எடுத்துப்போட்டுத் திரும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்லை." வெளியே ஜனம் சாரிசாரியாக ஒரே திசையில் நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார் ஐயா. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுநாள் பகலில்தான் எங்களுக்கு பஸ். சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லி, காலையிலேயே அந்த அக்கா காரோடு வந்துவிட்டார். என்னையும் அறைத்தோழியையும், கோட்டைக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடந்த குழுத்தலைவரையும் நகரின் கிழக்குப் பக்கம் மல்வேர்னில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளில் ஒன்று. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கோழிக்கறியும் வைத்தார். குழுத்தலைவர் இடியப்பத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை இன்றைக்கும் அறைத்தோழி சொல்லிச் சிரிப்பாள்.

சாப்பிடும்போது மீதிக் கதையையும் அக்கா சொன்னார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து ஜனம் முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டுக் கிளம்பி நடந்தது. மழை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டார். அப்பா ஒரு கையால் சாமான் கட்டிய சைக்கிளை உருட்டினார், மறு கையால் ஏழு வயது அக்காவைப் பிடித்திருந்தார். எல்லோரும் ஒரு பாலத்தைத் தாண்டவேண்டும். பாலத்துக்குக் கிட்ட மூட்டை சரிந்தது. பிடிக்க அப்பா ஒரு கணம் கையை விட்டார். அந்தக் கணத்தில் கூட்டம் இவரைக் கொண்டுபோய்விட்டது.

"இரவு முழுக்க என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தவராம். விடிய ஒரு பள்ளிக்கூடத்திலை என்னைக் கண்டுபிடிச்சிட்டார். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, ஆரோ சாப்பிடப் பாண்கூடத் தந்தவை. அதைப் பற்றி அப்பா ஒருநாளும் கதைச்சதே இல்லை. மறதி வந்த பிறகுதான் கதைக்கத் தொடங்கினவர். ஆனா தேடினது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கு. கண்டுபிடிச்சது மறந்து போச்சு."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது குழுத்தலைவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

முதலில் எல்லாம் தானும் திருத்திக்கொண்டே இருந்ததாக அக்கா சொன்னார். "அப்பா, நான்தான் அந்தப் பிள்ளை, பாருங்கோ எண்டு சொல்லுவன். பழைய படங்களை எடுத்துக் காட்டுவன். அவருக்குக் கோவம் வரும். பிள்ளையை எங்கையோ ஒளிச்சு வைச்சுக்கொண்டு ஆரோ ஒரு மனிசி கதை சொல்லுறா எண்டு நினைப்பார். ஒருநாள் வேலையாலை களைச்சுப்போய் வந்து நிக்கிறன், திரும்பவும் கேட்டார். ஓம், கண்டனான் எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டவர்."

பிறகு என்னைக் கேட்டார், "தங்கச்சி, பாலம் தாண்டியாச்சு எண்டு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்லக்கா. வேற வழி தெரியல."

"எனக்கு இவ்வளவு காலமும் அது தோன்றேல்லை. பிள்ளையைப் பற்றித்தான் பதில் சொல்லுவன். பாலத்தைப் பற்றிக் கேட்டால் கதையை மாத்திப்போடுவன். எனக்கும் அந்தப் பாலத்தை நினைக்க விருப்பமில்லை" என்றார். என் தட்டில் இன்னொரு இடியப்பத்தை வைத்துவிட்டு, "இனிமேல் சொல்லுறன்" என்றார்.

ஐயா ஜன்னல் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். அவருக்கு என்னைச் சுத்தமாக நினைவில்லை. "ஆர் நீங்கள், எந்த இடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். மதுரை என்றேன். "நல்லது. கவனமாப் போங்கோ, வழியெல்லாம் சனம்" என்றார். சரி ஐயா, கவனமாகப் போகிறேன் என்றேன்.

அந்த ஊர்வலத்தில் எங்கள் குழு வாசித்த பாட்டுகளில் பாதியில்கூட நான் இல்லை. குழுவினர் எடுத்த படங்கள் எதிலும் நான் இல்லை. என்ன கொண்டாடினாய் என்று அம்மா கேட்டபோது சொல்ல வெகுநேரம் ஆனது. சொல்லி முடித்ததும் அம்மா, "அந்தப் பொண்ணு தினம் தினம் தன்னைத் தானே கண்டுபிடிச்சுக் குடுக்கிறா, இல்ல?" என்றார். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கவில்லை.

இப்போது ஊருக்குத் திரும்பி வேலை பார்க்கிறேன். அந்த அக்காவோடு போனில் பேசுவது உண்டு. ஐயா இன்னும் கேட்கிறார், அக்கா இன்னும் பதில் சொல்கிறார். சரியானதைச் சொல்லிவிட்டால் போதும், மற்றவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று அதுவரை நினைத்து வாழ்ந்தவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, யாராவது பொருந்தாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அதைத் திருத்த வாயைத் திறப்பதற்கு முன்னால், இவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறேன். எப்போதும் முடிகிறது என்று சொல்லமாட்டேன். முடிகிற நாட்களில், எதிரில் இருப்பவரின் தோள் கொஞ்சம் இறங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.